வெள்ளைத் துணிக்கு இடப்பக்கம் நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிப் பூசையில் ஃபாதர் ஆங்கிலத்தில் சொன்னது இது: "சுவிசேஷம் வாசித்த பிறகு உள்ளே நுழைகிறவர்கள் கோயிலுக்கு வரவில்லை, சந்தைக்கு வருகிறார்கள். அடுத்த வாரம் கதவைச் சாத்திவிடுவேன். எருமைகள் வெளியே நிற்கட்டும்."

பக்கத்தில் நின்ற உபதேசியார் ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்: "புள்ளைங்கள இழுத்துக்கிட்டு தூரத்துலேருந்து வர்றீங்க, லேட்டாகுறது சகஜம்தான்னு ஃபாதருக்குத் தெரியும். ஆனா உங்க முகத்தையெல்லாம் பாக்காம பூசைய ஆரம்பிக்க அவருக்கு மனசு வரமாட்டேங்குது. ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்தீங்கன்னா அவருக்கு அது போதும்."

அடுத்த ஞாயிறு ஆறு இருபதுக்கே கோயில் நிறைந்துவிட்டது. ஃபாதர் வாசற்படியில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "கவனித்தாயா? இந்த ஜனத்தைத் திட்டினால்தான் கேட்கும்" என்றார். "ஆமாம் ஃபாதர்" என்றார் உபதேசியார்.

மயிலாப்பூரில், கடைவீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் கோயில். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவது, மணியடிப்பது, நோயாளிகள் வீட்டுக்குச் சாமியாரைக் கூட்டிப்போவது எல்லாம் உபதேசியாரின் வேலை. அவர் குள்ளமானவர். வெள்ளைச் சட்டை, வேட்டி. சட்டையின் மேல் பொத்தான் எந்த வெயிலிலும் கழன்றிருக்காது. செங்கல்பட்டுப் பக்கம் மிஷன் பள்ளியில் படித்தபோது வந்த ஆங்கிலம் அவருடையது. இலக்கணப் பிழை இல்லாமல், மிக மெதுவாகப் பேசுவார்.

ஃபாதர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர். முப்பது வருடம் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலத்தில் பௌதிகம் கற்பித்துவிட்டு, வயதான பிறகு எங்கள் கோயில் பங்குக்குச் சாமியாராக வந்தார். அந்த வருடங்களில்தான் லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்திருந்தது. பூசைச் செபங்களை உபதேசியார் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதிக் கொடுப்பார். ஃபாதர் அதைப் பார்த்து வாசிப்பார். மற்றபடி அவருக்குத் தெரிந்த தமிழ் 'வா', 'போ', 'சும்மா இரு'. ஆகவே பங்குக்கும் அவருக்கும் நடுவே எல்லாச் சொல்லும் உபதேசியார் வழியாகத்தான் போய்வர வேண்டும். போய்வந்தது. போகும்போது ஒன்றாகவும் சேரும்போது வேறாகவும் இருந்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. லஸ்ஸில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்திருந்தேன். பாடற்குழுவில் முதல் வரிசையில், ஆர்மோனியத்துக்கு அடுத்தபடி நிற்பேன். ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் ஃபாதர் கையைத் தட்டி நிறுத்தி, என்னைச் சுட்டி, "அந்தப் பெண்ணுக்குச் சுருதி நிற்கவில்லை, வெளியே அனுப்பு" என்றார். உபதேசியார் என்னிடம் வந்தார். "உன் குரல் கனமான குரலாம்மா. அது பின்னாடியிருந்து வந்தாத்தான் எல்லாருக்கும் தூணு மாதிரி இருக்கும்னு ஃபாதர் நினைக்கிறாரு. கடைசி வரிசையில நின்னு மெதுவாப் பாடு."

ஆங்கிலம் எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் கடைசி வரிசைக்குப் போய் நின்று, தூண் மாதிரி மெதுவாகப் பாடினேன். இரண்டையும் கேட்ட எனக்கே அவர் சொன்னதைத்தான் நம்பத் தோன்றியது.

மறுநாள் கேட்டேன். "ஐயா, ஃபாதர் அப்படிச் சொல்லலையே?"

"உனக்கு ரெண்டும் கேக்குது, அவங்களுக்கு ஒண்ணுதாம்மா கேக்குது. அந்த ஒண்ணு நல்லதா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

குப்பத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருத்தி வருவாள். மகள் கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்க ஓலை எழுத வந்தவள், மீன்கூடையோடு அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டாள். ஃபாதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாற்றத்தை வெளியே எடு" என்று கத்தினார். உபதேசியார் சொன்னார்: "கூடைய வெயில்ல வச்சுட்டு வந்துடப்போற, மீன் கெட்டுப் போகும், நிழலாப் பாத்து வெளிய வைன்னு சொல்றாரு." அவள் உருகிவிட்டாள். "பாரேன், வெள்ளக்கார சாமிக்கு நம்ம பொயப்பு மேல இன்னா கவல!" மறுநாள் காலை ஃபாதர் வாசலில் ஒரு முழு வஞ்சிரம் தாமரை இலையில் கிடந்தது. ஃபாதர் குழம்பிப்போய், "எதற்கு இது?" என்றார். "நேற்று செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள் ஃபாதர்." ஃபாதரின் முகம் மலர்ந்தது. "நல்ல பெண்" என்றார்.

இப்படியாக ஏழு வருடத்தில், பங்கு ஃபாதரை மிகவும் நேசித்தது. ஃபாதரும் பங்கை நேசிக்கத் தொடங்கினார். இரண்டு நேசமும் பொய்யில்லை. நடுவே நின்றவர்தான் இரு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இனி அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை ஃபாதரின் பெயருக்குரிய புனிதரின் திருநாளன்று, பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் படம் காட்டுவோம். ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டுவோம். தியாகராய நகரில் சின்னப் படச்சுருள்களை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரிடம், சாமியார்களைப் பற்றி இருந்தது ஒரே படம். பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். ஒரு பங்கில் சிடுசிடுப்பான கிழச் சாமியார். அங்கே உதவிக்கு வரும் இளஞ்சாமியார் பாட்டுப் பாடியே எல்லாரையும் வசப்படுத்துகிறார். வருடாவருடம் அதே படம்தான். யாருக்கும் சலிக்கவில்லை.

ஏனென்றால் அது உபதேசியாரின் படம். துணிக்கு இடப்பக்கம், ஒரு முக்காலி மேல் மைக்கோடு நிற்பார். கிழச் சாமியார் வாயைத் திறந்தால் இவர் கிழக்குரலில் தமிழ் பேசுவார். இளஞ்சாமியார் பாடினால், ஒலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, தானே ஒரு மாதா பாட்டை அந்த உதட்டசைவுக்குப் பொருத்திப் பாடுவார். ஹால் முழுக்கச் சேர்ந்து பாடும். முதல் நாற்காலியில் இருக்கும் ஃபாதர், ஆங்கிலம் கேட்டு ஜனத்துக்கு ஒரு நொடி முன்னால் சிரிப்பார். "சாமி சிரிச்சிட்டாரு, இப்ப ஜோக்கு வரும் பாரு" என்று குப்பத்துக்காரர்கள் தயாராவார்கள்.

கடைசிச் சுருள் மட்டும் எப்போதும் ஓடாது. ஓரத் துளைகள் கிழிந்து போயிருந்தன. சாக்கை விலக்கி வெளிச்சம் வரவிடுவோம். ஃபாதர் எழுந்து செபம் சொல்லப் போய்விடுவார். உபதேசியார் வெறும் வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் நின்றபடியே மீதிக் கதையைச் சொல்லி முடிப்பார்.

அந்த முடிவு இதுதான்: கிழச் சாமியார் சிடுசிடுத்ததெல்லாம் ஊர் ஏக்கத்தினால். பங்கு ஜனம் அதைக் கண்டுபிடித்து, அவரிடம் சொல்லாமலே பேராயருக்கு மனுப்போட்டு, அவரைச் சொந்த நாட்டுக்குக் கப்பலேற்றி விடுகிறது. துறைமுகத்தில் அவருடைய அக்கா, நாற்பது வருடமாகப் பார்க்காத அக்கா, குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "தம்பி, வந்துட்டியாடா" என்று உபதேசியார் அக்காவின் குரலில் சொல்லும்போது ஹாலில் மூக்குறிஞ்சும் சத்தம்தான் கேட்கும். நானும் அழுதிருக்கிறேன்.

வெகுகாலம் கழித்து அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். யாரும் கப்பலேறவில்லை. இளையவர்தான் வேறு பங்குக்குப் போகிறார். கிழவர் தன் கோயிலிலேயே இருக்கிறார்.

ஏழாவது வருடம் உபதேசியாருக்குக் கண்ணில் புரை வந்து ஆபரேஷன் நடந்தது. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நேரத்தில் ஃபாதருக்கு மூச்சிரைப்பு வந்தது. திட்டிச் சொல்வதை மாற்றிச் சொல்ல ஆள் இல்லாததால், அவர் குரலின் கோபம் மட்டும் ஜனத்துக்கு எட்டியது. பங்குப் பேரவைத் தலைவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். நல்ல மனிதர். பூசை முடிந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, சாமிய கவனிச்சியா? எப்பவும் இல்லாம எரிஞ்சு எரிஞ்சு வுழுறாரு. படத்துல அந்தக் கிழவரு பண்ணல? அதேதான். ஊர் நெனப்பு வந்துடுச்சு. வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, அவரு கொணம் அப்டி. நாம பண்ணுவோம். நீ இங்கிலீசுல நல்லா ஒரு மனு அடி."

அடித்தேன். ஒரு பிழை இல்லாமல், இரண்டு கார்பன் வைத்து அடித்தேன். எங்கள் அன்புக்குரிய ஃபாதர் எங்களுக்காக உழைத்துக் களைத்துவிட்டார், அவரைத் தம் நாட்டில் இளைப்பாற அனுப்பும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம் என்று. நான்கு பக்கம் கையெழுத்து விழுந்தது. மீன்காரம்மா கைநாட்டு வைத்துவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு, அவரை ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றவில்லை. எப்படி ஆச்சரியப்படப் போகிறார் என்ற நினைப்புதான் இருந்தது.

உபதேசியார் பச்சைத் துணியைக் கண்ணுக்குக் கட்டிக்கொண்டு திரும்பியபோது பேராயர் இல்லத்திலிருந்து, மனுவின் பிரதியோடு, ஃபாதருக்கு உத்தரவே வந்துவிட்டது. ஃபோர்மேன்தான் பெருமையாகச் சொன்னார். உபதேசியார் பள்ளிக்கூட பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவருக்கு ஊருக்குப் போகணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரா? நீதான வருசா வருசம் சொல்லிக்கினு கீற!"

"யோவ், அது படம்யா!"

"படத்துல வர்றவரு மட்டும் சாமியாரு இல்லியா? இன்னா உபதேசியாரே, கூடவே இருந்து பயகிட்ட, அனுப்ப மனசு வரல உனக்கு. அத்த சொல்லு."

அன்று மாலை என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மேற்குச் சுவரோரம் ஒரு பூவரச மரம். அதனடியில் சுண்ணாம்பால் கோடு போட்டு, நான்கு மூலையிலும் செங்கல் பதித்திருந்தது. போன வருடமே ஃபாதர் தனக்கென்று தன் கையால் அளந்து வைத்த இடம். "அங்க அவருக்கு ஒருத்தரும் இல்லம்மா. அக்கா செத்துப் பல வருஷமாச்சு. இந்த எடத்த என்கிட்ட மட்டும்தான் காட்டினாரு. நீங்க அனுப்பின மனுவ மேசையிலே வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காரு. மரியாதையா வெளிய போகச் சொல்றாங்கன்னு நினைச்சுட்டாரு. 'என் ஜனத்துக்கே நான் வேண்டாமென்றால் பேராயரிடம் என்ன கேட்பது'ங்கிறாரு."

பேராயர் இல்லத்துக்கு உபதேசியார் மூன்று தடவை நடந்தார். செயலாளர் நான்கு பக்கக் கையெழுத்தைக் காட்டினார். பங்கே கேட்டதைப் பங்கே வேண்டாமென்றால் பார்க்கலாம் என்றார். ஃபாதருக்குப் போக இஷ்டமில்லை என்று உபதேசியார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நானும் கூடப் போய்ச் சொன்னேன். எல்லாரும் காபி கொடுத்து, அவர் தோளைத் தட்டி, "உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம், தெரியும்" என்றார்கள்.

கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. வழியனுப்பு விழாவில் ஃபாதரே ஜனத்திடம் நேரில் கேட்க வேண்டும். அந்த மனிதரைக் கேட்க வைப்பது சுலபமில்லை. யாரிடமும் எதையும் கேட்டு அறியாதவர். "ஒரே ஒரு தரம், ஃபாதர். அவர்கள் உங்கள் மேல் உயிராக இருக்கிறார்கள். உங்கள் வாயால் கேட்டால் விடவே மாட்டார்கள்" என்று உபதேசியார் இரண்டு நாள் மன்றாடிச் சம்மதிக்க வைத்தார்.

ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு பள்ளிக்கூட ஹாலில் விழா. பகல் இரண்டு மணிக்கு டாக்ஸி. குளிர் தேசத்துக்குப் போகிறாரே என்று, பாண்டி பஜாரில் ஒரு தையற்காரரிடம் கொடுத்துக் கனத்த கம்பளிக் கோட்டுத் தைத்திருந்தார்கள். மேடையிலேயே போட்டுவிட்டார்கள். மே மாதம். ஃபாதரின் நெற்றியிலிருந்து வியர்வை மாலைப் பூக்களில் சொட்டியது. நான் முதல் பெஞ்சில் இருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி பதினொரு நிமிடம்.

ஃபாதர் எழுந்தார். எப்போதும்போல உரக்கப் பேசவில்லை. ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்னை அனுப்பாதீர்கள். எனக்கு அங்கே யாரும் இல்லை. நான் செய்தது எதுவும் உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். என்னை இங்கேயே புதையுங்கள்."

உபதேசியார் தரையைப் பார்க்கவில்லை. ஜனத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார். நான் கவனித்துக் கேட்டேன். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவை.

பிறகு ஹாலே கைதட்டியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். "இன்னா மனசு! போற நேரத்துல இன்னா பேச்சு பேசுறாரு பாரு!" என்றாள் மீன்காரம்மா. "உபதேசியாரே, அயவச்சுட்டியேப்பா!" என்று கத்தினார் ஃபோர்மேன்.

"நானா சொல்லலைங்க. ஃபாதர் சொன்னத அப்படியே சொல்றேன். நெசமாவே அவருக்குப் போக இஷ்டமில்ல" என்றார் உபதேசியார். கைதட்டல் இன்னும் அதிகமாயிற்று.

அவர் மைக்கோடு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உனக்கு இங்கிலீஷ் தெரியும்னு எல்லாருக்கும் தெரியும். நீ சொன்னா நம்புவாங்க."

எழுந்து நின்றேன். "மனு அடிச்ச பொண்ணுக்கும் கைதட்டுங்கப்பா!" என்றார் ஃபோர்மேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி தட்டினார்கள். யாரோ சைகை காட்ட, பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. நான் மேடைக்கு ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். கார்பன் பிரதி என் பையிலேயே இருந்தது, கிழித்துக் காட்டியிருக்கலாம். உட்கார்ந்தேன்.

ஃபாதர் தட்டுகிற கைகளை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு உபதேசியார் மட்டும் உடன் போனார். திரும்பி வர மாலை ஐந்தாகிவிட்டது. சைதாப்பேட்டை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். கோயில் முற்றத்துக் குழாயடியில் கண்ணில் தண்ணீர் படாமல் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"கிண்டி வரைக்கும் பேசல. கோட்டையும் கழட்டல. அப்புறம் கேட்டாரு. 'நான் சொன்னதை அப்படியே சொன்னாயா?'ன்னாரு."

"சொன்னேன்னு சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? அவரு கெஞ்சினாரு, இவங்க கை தட்டினாங்கன்னு ஆயிடுமே." துண்டால் முகத்தை ஒற்றினார். "இல்ல ஃபாதர், மாத்திச் சொன்னேன்னு சொல்லிட்டேன். நீங்க சந்தோஷமாப் போறேன்னதாச் சொன்னேன், அதான் தட்டினாங்க. உங்க மனசு அவங்களுக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் என் வேலைன்னு."

"ஐயா! அவரு என்ன சொன்னாரு?"

"ஏன்னு கேட்டாரு. பதில் சொல்லல நான். எறங்கினதும் பெட்டிய எடுக்கப் போனேன், கைய தட்டிவிட்டுத் தானே தூக்கிக்கிட்டாரு. திரும்பிப் பாக்காமப் போனாரு."

"உங்கள வெறுத்துட்டே போயிருப்பாரே."

"என்னைத்தானேம்மா" என்றார்.

ஃபாதர் அங்கே ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. உபதேசியாருக்கு அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பங்கின் பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. புதிய சாமியார் அதை உபதேசியாரிடம் கொடுத்து, பூசை முடிவில் தமிழில் படிக்கச் சொன்னார். 'என் பிரியமான ஜனமே' என்று தொடங்கியிருந்தது. தாமதமாக வருகிற குடும்பங்கள், மீன் கொண்டுவரும் அம்மா, பேரவைத் தலைவர், பின்வரிசையில் நின்று பாடும் பெண் என்று ஒவ்வொருவரையும் நினைத்து எழுதியிருந்தார். உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றிருந்தது. உபதேசியார் ஒவ்வொரு வரியாக, எழுதியிருந்தபடியே படித்தார். முடித்துவிட்டு அட்டையின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.